சாயப்பட்டறைக் கொசு

2006ஆம் வருடம், ஆனி மாதம். ஆரணி சுகாதார அலுவலகத்தில் கொசு ஆய்வாளர் சம்பந்தம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது, சாயப்பட்டறை சகாயமேரி மூச்சிரைக்க உள்ளே வந்தாள். முழங்கை வரை அரக்குச் சாயம்.

“சார், நாலு மணிக்கு எங்க நெசவுத் தெருவே சேர்ந்து என் பட்டறைக்குப் பூட்டு போடறாங்களாம். இருபத்துமூணு பேருக்கு முட்டி வீங்கற காய்ச்சல். என் சாயக் காவாயிலதான் கொசு வளருதாம். எங்க வூட்டுக்காரர் மொரீஷியஸ் தீவுலேர்ந்து காய்ச்சலைக் கொண்டாந்துட்டாராம். எட்டு குடும்பம் அந்தப் பட்டறையை நம்பிகினு இருக்கு சார்.”

“அவர் எப்ப வந்தாரு?”

“போன ஐப்பசியில. இன்னி வரைக்கும் ஒரு தும்மல் இல்ல. பட்டறை ஆளுங்க எட்டு பேருக்கும் ஒண்ணுமில்லீங்க.”

சம்பந்தம் டீயைக் கீழே வைத்தார். அவர் டீயைப் பாதியில் விடுவது அபூர்வம்.

உதவியாளர் நான்சிக்குப் பொறுமை கிடையாது. “நேத்தே முப்பது வீடும் பாத்துட்டேன் சார். குடம், தொட்டி, மாடி, எதுலயும் புழு இல்ல. தறிகிட்ட மட்டும் விடல. வேத்தாள் தொடக்கூடாதாம். காவாயிலதான் புழு நெளிஞ்சிகினு கெடக்கு. குத்தவாளி அதான்!”

“அவ்வளவு ஜல்தியா தீர்ப்பு எழுதாதம்மா” என்றார் சம்பந்தம்.

நான்சி கொண்டுவந்திருந்த காவாய்ப் புழுவைப் பூதக்கண்ணாடி வழியே பார்த்தார். வால்பக்க மூச்சுக்குழல் நீளமாக இருந்தது. உடனே, பூட்டு வாங்கி வைத்திருந்த சுப்பராயலுவின் வீட்டுக்கு நடந்தார்.

சுப்பராயலு மணிக்கட்டு வீங்கியபடியே குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். கூடத்தில் அவர் மனைவி அபிதகுசாம்பாள் விரல் மடக்க முடியாமல் படுத்திருந்தாள். இருவருக்கும் முழங்காலுக்குக் கீழேதான் கொசுக்கடித் தடிப்புகள்.

“கொசு எப்பம்மா கடிக்குது?”

“தறியில ஒக்காரும்போதுதான். பட்டப்பகல்ல.”

“ஐயா, இந்த அனல்லயும் உங்க தறியில பட்டு இழை அறலையே?” என்று சுப்பராயலுவிடம் கேட்டார் சம்பந்தம்.

“அதுக்கு ஒரு வழி இருக்கு. தெருவுக்கே சொல்லிக் குடுத்தவன் நான்” என்றார் சுப்பராயலு பெருமையாக.

நாலு மணிக்குப் பூட்டோடு கூடியவர்களைச் சம்பந்தம் அதே வீட்டுக்கு அழைத்து வந்தார். சகாயமேரி வாசலிலேயே நின்றாள்.

“காவாயில இருக்கறது அழுக்குத் தண்ணிக் கொசு, புழுவோட நீள மூச்சுக்குழலே சொல்லுது. ராத்திரியில கடிக்கும், யானைக்கால் நோயைப் பரப்பும். இந்தக் காய்ச்சலைப் பரப்பறது பகல்ல கடிக்கிற, கால்ல வெள்ளை வரி போட்ட கொசு. அதுக்கு நல்ல தண்ணிதான் வேணும். காவாய் காரணம்னா, பட்டறை ஆளுங்க இல்ல மொதல்ல படுத்திருக்கணும்?”

“தீவுலேர்ந்து வந்தவரு?” என்றது ஒரு குரல்.

“தீவுகள்லயும் இந்தச் சாதிக் கொசுதான் பரப்புச்சு. ஆனா, காய்ச்சல் கிருமி மனுஷ ரத்தத்துல ஒரு வாரந்தான் தங்கும். ஐப்பசியில வந்தவரு ஆனியில எப்படிக் குடுப்பாரு? நான்சி, படுத்தவங்க பட்டியல்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்க உண்டா?”

“ஒருத்தர்கூட இல்ல சார். எல்லாரும் தறியில...” நான்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “நான் பாக்காத இடம்!”

“ஐயா, நாங்க தொடல. குழியில என்ன வச்சிருக்கீங்க, நீங்களே எடுங்க” என்றார் சம்பந்தம் சுப்பராயலுவிடம்.

காற்று ஈரமாக இருந்தால் பட்டு அறாது. அதற்காகக் கால் மிதிக்கும் குழியின் மூலையில் சுப்பராயலு அகலமான தேக்சாப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்திருந்தார். டார்ச் வெளிச்சம் பட்டதும் தெளிந்த தண்ணீரில் நூறு புழுக்கள் துள்ளின.

“குடிக்கிற தண்ணிங்க அது... தினமும் ஊத்தறேனே!”

“ஊத்தறீங்க. ஒரு நாளாவது கொட்டியிருக்கீங்களா?”

சுப்பராயலு கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். “என் கையாலயே அவளைப் படுக்க வச்சிட்டேன்” என்று முகத்தை மூடிக்கொண்டார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

பிறகு குனிந்து தேக்சாவைத் தூக்கப் பார்த்தார். வீங்கிய மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. தெருக்காரர்கள் தங்கள் வீட்டுத் தறிகளை நினைத்தபடி நின்றார்கள். சகாயமேரிதான் உள்ளே வந்து மறுபக்க விளிம்பைப் பிடித்தாள். வேற்றாள் தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

“காஞ்ச மண்ணுல கொட்டுங்கண்ணா” என்றாள். “காவாயில கொட்டினா, அதுக்கும் என்னைத்தான் சொல்லுவீங்க.”