காளான் கூடாரத்தின் காற்றுவாய்

அம்பிகைபாகன் காற்றுவாயின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். அவிழவில்லை. பொலித்தீன் கூடாரத்துக்குள் வெப்பமானி முப்பத்தாறு காட்டியது. இருபத்தைந்தைத் தாண்டினாலே காளானுக்கு ஆகாது. காலையில் கந்தோருக்கு வேலைக்குப் போகுமுன் இந்தக் காற்றுவாயைத் தன் கையாலேயே திறந்து, விசிறியையும் போட்டுவிட்டுத்தான் கூடாரம் நிற்கும் பின்னறையைப் பூட்டினார். சாவி அவர் சட்டைப்பையை விட்டு நகரவேயில்லை. பகல் இரண்டு மணிக்கு வந்து பார்த்தால் விசிறி நின்றிருக்கிறது. காற்றுவாய் இறுகக் கட்டியிருக்கிறது. உட்புறமாக.

வெந்த வைக்கோலின் புளித்த வாடைக்கு நடுவே, தொங்கும் காளான் பொதிகளிலிருந்து நீர் சொட்டும் ஓசையும், அம்பிட்டியச் சரிவில் பெய்யும் மழையின் இரைச்சலும் ஒன்றாய்க் கலந்து, யாரோ மூச்சுக்குத் தவிப்பதுபோல் கேட்டது. காற்றுப் போதாவிட்டால் காளானுக்குத் தலை சிறுத்துக் காம்பு நீளும். காளான் வளர்ப்பில் ஊருக்கே பாடம் சொல்பவருக்கு அது தெரியாதா? ஆனால் அரை நாளில் இப்படி விரல் நீளக் காம்புகளா? அதுவும் ஐந்தைந்தாகவா?

"இஞ்சாருங்கோ!" பொலித்தீனில் மனைவி பத்மாதேவியின் நிழல் விழுந்தது. "காளானைக் கட்டிக்கொண்டு கிடக்கிறதுக்கு என்னை ஏன் கட்டினனீங்கள்? சோறு ஆறுது."

"வாறன், வாறன்."

"தம்பியின்ர ஆண்டுத் திவசத்துக்கு ரண்டு நாள்தான் கிடக்கு. ஐயருக்குச் சொன்னனீங்களோ?"

அவர் மறுபடி முடிச்சைப் பற்றினார்.

போன வருடம், எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், கண்டியில் தமிழர் கடைகள் எரிந்த அன்று, அவள் தம்பி சுந்தரலிங்கத்தை இதற்குள்தான் ஒளித்து வைத்தார். அவனுக்கு மூச்சிழுப்பு வருத்தம். இருமல் வெளியே கேட்டுவிடுமென்று காற்றுவாய்களையெல்லாம் வெளியே நின்று கட்டினார். மாலையில் அவிழ்த்தபோது அவன் குளிர்ந்திருந்தான். வத்தேகமப் பள்ளிக்கூடத்தில் அகப்பட்டிருந்து திரும்பிய பத்மாதேவியிடம், "வாசலில கத்தியோட நிண்டவங்கள். என்னால அசைய ஏலாமல் போச்சு" என்றார். அவள் நம்பினாள். அந்த ஒரு பேச்சில்தான் இந்த வீடு நிற்கிறது. கூடாரத்தைக் கழற்றினால் ஏனென்று கேட்பாளே என்றுதான் இன்றும் காளான் வளர்க்கிறார்.

வெப்பமானியில் முப்பத்தெட்டு.

நுழைந்த வாசல் மடிப்பைத் தேடினார். ஒட்டிக்கொண்டிருந்தது. பொலித்தீன் உள்நோக்கி இழுபட்டது. விட்டது. மறுபடி இழுபட்டது.

முதுகுக்குப் பின்னே ஒரு இருமல்.

"ஆர் அது இருமுறது?"

"நான்தான்," என்றார்.

"இல்லை." பத்மாதேவியின் குரல் நடுங்கியது. "எனக்குத் தெரியாத இருமலே அது? திறவுங்கோ! திறவுங்கோ எண்டுறன்!" இரு கைகளாலும் பொலித்தீனை அறைந்தாள்.

மூச்சு வரவில்லை. நாற்பது. காதோரம் ஈரமாக ஏதோ உரசியது. அவர் திரும்பவில்லை.

"அத்தான்..."

கெஞ்சும் குரல். அன்று பகல் முழுக்க அவர் கேட்டுக்கொண்டே இருந்த குரல்.

"அத்தான், வாசல் ஒழுங்கையில விடிஞ்சதில இருந்து ஒரு சத்தமும் இல்லையே. ஒருத்தரும் வரேல்லையே. அவிழ்த்து விடுங்கோவன்."

வெளியே அறைந்துகொண்டிருந்த கைகள் நின்றன.

உண்மைதான். அன்று அந்த ஒழுங்கைப் பாதைக்குள் ஒருவருமே வரவில்லை.

அவர் கண்ணெதிரே, வெளுத்த மெல்லிய விரல்கள் அந்த முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சைப் பொறுமையாகப் போட்டன.