பட்டியலில் இருபத்து மூன்று பிள்ளைகள் குறைவு

வியாழன், காலை 8.10.

திங்கட்கிழமை மாலை அறுபத்தொன்று. இன்று முப்பத்தெட்டு.

ஒஃபீலியா பாரியென்டோஸ் கணினித் திரையில் பெயர்களை மூன்று முறை எண்ணிப் பார்த்தாள். மூன்று முறையும் அதே முப்பத்தெட்டுதான். திங்களன்று அச்செடுத்த தாளை மேசையில் விரித்து, ஒவ்வொரு பெயராகத் திரையோடு ஒப்பிட்டாள். இருபத்து மூன்று பிள்ளைகளைக் காணவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் ஒரே குறிப்பு: 'பள்ளியை விட்டுச் சென்றார்.'

வில்லோ பெண்ட், மாட்டிறைச்சி ஆலையை நம்பி வாழும் அமெரிக்கச் சிற்றூர். ஆலைக்கு ஆள் வர வர, பள்ளிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். வெளிநாட்டில் பிறந்து, இங்கே பள்ளியில் சேர்ந்து மூன்று வருடம் ஆகாத பிள்ளைகளை எண்ணி அனுப்பினால், அவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க அரசாங்கம் பணம் தரும். இந்த வருடம் எண்ணிக்கை ஐம்பதுக்குக் கீழே போனால் ஒரு காசும் வராது. பட்டியல் மாநில அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டிய நேரம், இன்று மாலை நான்கு மணி.

ஒஃபீலியா அந்தப் பணத்தை நிர்வகிப்பவள். ஒன்பது வயதில் அப்பா அம்மாவோடு பீட்ரூட் வயலில் களை வெட்டத் தொடங்கியவள். வயலின் ஓரத்தில் நின்று பார்த்தாலே எந்த வரிசையில் எங்கே செடி விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பட்டியலையும் அப்படித்தான் பார்ப்பாள்.

கதவருகே ஹோதான் ஜாமா நின்றாள். புதுப் பிள்ளைகளின் வகுப்பில் உதவி ஆசிரியை. அதற்கு முன் பதினோரு வருடம் ஆலையில் எலும்பிலிருந்து இறைச்சி அறுத்தவள். வலது கை விரல்கள் இன்னும் முழுதாக நிமிராது. அவள் சம்பளம் இந்தப் பணத்திலிருந்துதான் வருகிறது.

"என்ன அபாயோ, பேயைப் பாத்த மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள். அபாயோ என்றால் சோமாலியில் அக்கா.

ஒஃபீலியா எதையும் மறைத்துப் பழகாதவள். "இருபத்து மூணு பேரைக் காணோம். நாலு மணிக்குள்ள கிடைக்கலைன்னா மே மாசத்தோட உன் வகுப்பை மூடிருவாங்க."

ஹோதான் தன் வலது கையை இடது கைக்குள் வைத்துக்கொண்டாள். "கத்தியைத் திரும்பப் பிடிக்க இந்தக் கையால முடியாது."

"தெரியும். வகுப்புக்குப் போ. நான் பாத்துக்கிறேன்."

"திங்கக்கிழமைத் தாள் இருக்குல்ல? அதைப் பாத்துத் திரும்ப எழுதிடலாமே?"

"விதி இடம் கொடுக்காது. நீக்கினது யாரோ, அவரே ஏன் நீக்கினேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் திருப்பிச் சேர்க்கலாம். ஆளைப் பிடிக்கணும்."

காலை 8.40.

பதிவேட்டில் நேரம் இருந்தது. செவ்வாய், அதிகாலை 5.47. பள்ளி வளாகத்துக் கணினி. உள்ளே நுழைந்த பெயர்: த்ரிஷா வான்ஸ், மாணவர் பதிவு எழுத்தர்.

"நான் அந்த நேரம் தூங்கிட்டிருந்தேன்!" த்ரிஷாவின் கழுத்து சிவந்தது. "ஏழரைக்குத்தான் வருவேன். வாசல்ல அட்டை தேய்ச்ச கணக்கைப் பாருங்க."

"பாத்துட்டேன். ஏழு முப்பத்தொண்ணு. உன் கடவுச்சொல் வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"மிஹா, உன் கழுத்து ஒண்ணு சொல்லுது, வாய் ஒண்ணு சொல்லுது." மிஹா என்றால் ஸ்பானிஷில் மகளே.

"யாருக்கும் தெரியாதுன்னா தெரியாது."

ஒஃபீலியா மேலே கேட்கவில்லை. பயந்துபோன எழுத்தரை அழுத்தினால் அழுகைதான் வரும், பதில் வராது. வாசல் கணக்கை மட்டும் மறுபடி பார்த்தாள். செவ்வாய் 5.47க்குக் கட்டடத்திலும் பின்முற்றத்திலும் இருந்தவர்கள் மூன்று பேர். நிதி மேலாளர் கென்ட் லிண்ட்க்விஸ்ட். சமையலறை பெர்னி. பேருந்துகளைப் பார்த்துக்கொள்ளும் கேரி கூல்மன்.

காலை 9.20.

"அஞ்சே முக்காலுக்கு இங்க என்ன வேலை, கென்ட்?"

"உடற்பயிற்சிக் கூடத்துல எடை தூக்கிட்டிருந்தேன். தினமும் தூக்குறேன்."

"யாரு பாத்தா?"

"கண்ணாடி."

"கண்ணாடி கையெழுத்துப் போடுமா?"

கென்ட் சிரிக்கவில்லை. "என்மேல சந்தேகமா? சரி, நேராவே சொல்றேன். அந்த வகுப்பறை மல்யுத்த அணிக்கு வேணும்னு கூட்டத்துல கேட்டது நான்தான். இப்பவும் கேப்பேன். ஆனா கணினியைத் தொட மாட்டேன். எனக்கு ஆயிரம் தலைவலி. டீசல் விலை தெரியுமா உனக்கு? மதிய உணவுக்கு மத்திய அரசு தட்டுக்கு இவ்வளவுன்னு குடுக்குது, அதை வச்சுத்தான் மாசத்தை ஓட்டுறேன்."

"அந்தத் தட்டையெல்லாம் எண்ணுவியா?"

"ஒவ்வொண்ணா எண்ணுவேன். கனவுலயும் எண்ணுவேன்."

ஒஃபீலியா அந்தப் பதிலை எழுதிக்கொண்டாள். கென்டுக்குக் காரணம் இருந்தது. அந்த நேரத்தில் அவன் கட்டடத்துக்குள்ளும் இருந்தான். அவளுக்கு அது பிடிக்கவில்லை, ஏனென்றால் அவனையே அவளுக்குப் பிடிக்காது. பிடிக்காதவனைக் குற்றவாளியாக்குவது சுலபம் என்று அவளுக்குத் தெரியும்.

காலை 10.30.

இடைவேளை. வகுப்பில் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். ஹோதான் திங்கட்கிழமைத் தாளையும் இன்றைய தாளையும் மடியில் வைத்துப் படித்தாள். குவாத்தமாலாப் பிள்ளைகள் எல்லாரும் பட்டியலில் அப்படியே இருந்தார்கள். போனது சோமாலி, சூடான், பர்மாவின் கரேன் பிள்ளைகள்.

"அகதி முகாம்ல இருந்து வந்த பிள்ளைங்களா பாத்து வெட்டியிருக்கான்," என்றாள் ஹோதான். குரல் கடுத்திருந்தது. "யாருக்கோ எங்களைப் பிடிக்கலை."

"பிறந்த தேதியைப் படி," என்றாள் ஒஃபீலியா.

"இல்யாஸ் குலேத், ஜனவரி ஒண்ணு. சாகல், ஜனவரி ஒண்ணு. ஈ டோ, ஜனவரி ஒண்ணு..." ஹோதான் நிமிர்ந்தாள். சட்டென்று சிரித்துவிட்டாள். "இருபத்து மூணுமே! இதுல என்ன அதிசயம்? முகாம்ல எங்கம்மாகிட்ட 'பிள்ளை எப்பப் பிறந்துச்சு'ன்னு கேட்டான் எழுத்தன். 'மழைக்கு அப்புறம், ஆடு தொலைஞ்ச வாரம்'னாங்க. அவன் ஜனவரி ஒண்ணுன்னு போட்டுட்டான். எங்க வீட்டுல ஒன்பது பேருக்கும் ஒரே நாள்தான் பிறந்தநாள். ஒரு கேக் போதும்."

"மிச்சம் இருக்கிற முப்பத்தெட்டுல ஜனவரி ஒண்ணு யாராச்சும் உண்டா?"

ஹோதானின் நிமிராத விரல் தாளில் இறங்கியது. "ஏழு... எட்டு... ஒன்பது பேர். எல்லாம் தண்ணித்தொட்டி பக்கத்து அடுக்குமாடிப் பிள்ளைங்க. ரோட்டைத் தாண்டினா பள்ளிக்கூடம். ஷூ லேஸ்கூடக் கட்டாம ஓடியாரும்ங்க."

ஒஃபீலியா அந்த ஒன்பது பெயரையும் வட்டமிட்டாள். முகாம் பிள்ளைகளைப் பிடிக்காதவன் என்றால் அந்த ஒன்பது பேரை ஏன் விட்டுவைத்தான்?

காலை 11.15.

பேருந்துக் கொட்டகையில் எண்ணெய் நாற்றமும் வானொலிப் பாட்டும் கலந்திருந்தன. கேரி கூல்மன் அடுத்த வாரத்துப் பாதைத் தாளை அச்செடுத்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வருடமாக ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவன்.

"செவ்வாய்க்கிழமை சீக்கிரம் வந்தியா, கேரி?"

"எப்பவும் சீக்கிரம்தான். நாலே முக்கால். இந்தக் குளிர்ல எஞ்சினைத் தட்டி எழுப்பணும், நம்ம மாமனாரை எழுப்புற மாதிரி."

"அன்னைக்கு வித்தியாசமா எதாச்சும் பாத்தியா?"

"கென்ட் போனதைப் பாத்தேன். மூஞ்சி சிவந்து, குளிச்ச பன்னி மாதிரி. வேற ஒண்ணுமில்ல." அச்சான தாளை அவளிடம் காட்டிப் பெருமைப்பட்டான். "பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு. போன வாரம் வரைக்கும் பாதி இருக்கை காலியாவே ஓடுச்சு."

தாளின் அடியில் பொடி எழுத்தில் தேதியும் அச்செடுத்தவர் பெயரும்: த. வான்ஸ். சுவரில் கேரி கையால் எழுதிய அட்டவணை தொங்கியது. பேட்டரி, டயர், பிரேக். ஒவ்வொன்றுக்கும் எண், வாங்கிய தேதி. ஏலத்தில் எடுத்த மூன்று பழைய பேருந்துகளின் சாமான்களுக்கு மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே தேதி, 1/1.

"காபி?" என்றான் கேரி.

"உன் காபியா? டீசல் குடிச்சுக்கிறேன்," என்று ஒஃபீலியா கிளம்பினாள்.

மதியம் 12.05.

சமையலறையில் பெர்னி வரிசையை நகர்த்திக்கொண்டிருந்தாள். சோளரொட்டியும் மிளகாய்க் குழம்பும். பிள்ளைகள் தங்கள் எண்ணைத் தட்டும் பெட்டி அவள் பக்கத்தில் கூவிக்கொண்டே இருந்தது.

"செவ்வாக்கிழமை காலைச் சாப்பாட்டுல ஆரம்பிச்சது இந்தச் சனியன்," என்றாள் பெர்னி. "மெஷின் 'இப்படி ஒரு ஆள் இல்லை'ங்குது. முன்னால நிக்கிற பயல் 'இருக்கேன்'ங்குறான். நான் யாரை நம்புறது? தட்டை நிரப்பி அனுப்பிட்டேன். இந்தா கணக்கு."

ரொட்டிப் பெட்டியைக் கிழித்த அட்டையில் கோடுகள். ஒவ்வொரு மதியத்துக்கும் இருபத்து மூன்று.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"கென்ட்கிட்டச் சொன்னா 'எண் இல்லாதவனுக்குக் காசு வராது, போடாதே'ம்பான். பசிச்ச பிள்ளையை நிறுத்த நான் பொறக்கலை."

"ஒண்ணு சொல்லு பெர்னி. இந்தப் பிள்ளைங்க காலைல எப்படி வருதுங்க?"

"குளிர் வந்ததுல இருந்து ஆலையில ராத்திரி ஷிஃப்ட் முடிச்ச கையோட அப்பன் ஆத்தாளே காருல கொண்டாந்து விடுறாங்க. நேரா என் வாசலுக்கு. ரப்பர் பூட்ஸைக்கூடக் கழட்டலை பாவம்."

ஒஃபீலியா சோளரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். அன்று காலையிலிருந்து முதல்முறையாக அவள் சிரித்தாள்.

மதியம் 1.10.

ஒஃபீலியாவின் அறையில் ஆறு பேர், நாற்காலி மூன்றுதான். ஹோதான் கதவில் சாய்ந்து நின்றாள்.

"கென்ட் செய்யலை," என்று தொடங்கினாள் ஒஃபீலியா.

"அப்பாடா," என்றாள் பெர்னி, வருத்தமாக.

"என் பட்டியல்ல ஆள் குறையணும்னு நினைக்கிறவன் என் பட்டியலைத்தான் தொடுவான். இது அப்படியில்ல. பள்ளியோட மொத்தப் பதிவுலயே பேர் போயிருக்கு. அதனாலதான் சாப்பாட்டுப் பெட்டி கத்துது. மூணு நாள், நாளுக்கு இருபத்து மூணு தட்டு, அத்தனைக்கும் காசு போச்சு. கென்ட் தன் கையை வெட்டிக்குவான், தட்டுக் காசை விட மாட்டான்."

கென்ட் வெளுத்துப் போனான். "மூணு நாள் தட்டுக் காசா?"

"அழாதே, திரும்ப வரும். அடுத்தது த்ரிஷா. வருஷா வருஷம் இந்தப் பிள்ளைங்களைப் பதியிறது அவதான். ஜனவரி ஒண்ணு அவளுக்குப் பழகிப்போன தேதி. அவ நீக்க மாட்டா. ஆனா அவ கடவுச்சொல்லை யாருக்கோ குடுத்திருக்கா."

த்ரிஷா தரையைப் பார்த்தாள்.

"நீக்கினவனுக்கு வெறுப்பு கிடையாது. வெறுப்புன்னா அந்த ஒன்பது பேரும் போயிருக்கணும். அந்த ஒன்பதும் நடந்து வருதுங்க. போன இருபத்து மூணு பேரும் பேருந்துப் பட்டியல்ல இருக்கிறவங்க. ஆக, இந்த ஆளுக்குப் பேருந்து ஏறுற பிள்ளைங்களை மட்டும்தான் தெரியும். ஜனவரி ஒண்ணுன்னு பாத்தா 'இது நிஜமில்ல'ன்னு நினைக்கிற ஆளு. எப்பப் பிறந்ததுன்னு தெரியாத சாமானுக்குத் தன் கையாலேயே ஒண்ணு பார் ஒண்ணுன்னு போடுற ஆளு."

கேரி தொப்பியைக் கழற்றினான்.

"அது பேட்டரிக்குப் போடுறதுடி," என்றான் மெல்ல.

"முகாம்ல பிள்ளைக்குப் போட்டாங்க. நீயும் அந்த எழுத்தனும் ஒரே சாதி, கேரி."

"அக்டோபர்ல நான் கால் உடைஞ்சு படுத்திருந்தப்ப, பாதைத் தாள் எடுக்கணும்னு கேரி கடவுச்சொல்லைக் கேட்டான். குடுத்துட்டேன்," என்று த்ரிஷா விம்மினாள். "வேலை போயிடும்னு பயந்து சொல்லலை."

"எனக்குச் சொன்னது கென்ட்தான்!" கேரி சுட்டிக்காட்டினான். "'காலியா ஓடுது, டீசல் வீணு, ஏறாத பேரையெல்லாம் எடு'ன்னான். காலைல தலையை எண்ணினேன், ஆள் இல்ல. தேதியைப் பாத்தேன், எல்லாம் ஒண்ணு பார் ஒண்ணு. கணினி தானா நிரப்பின பொய்ப் பேருன்னு நினைச்சேன். பேருந்துப் பட்டியல்ல இருந்து மட்டும்தான் போகும்னு நினைச்சு அமுக்கினேன்." அவன் ஹோதானைப் பார்த்தான். முகம் உடைந்திருந்தது. "நான் உன் பிள்ளைங்களை அழிச்சுட்டேனா?"

ஹோதான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து நெஞ்சில் வைத்திருந்த ஆளின் முகம் இது இல்லை. பிறகு தோள் குலுங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வாலாஹி! அல்லா சத்தியமா, பேட்டரின்னு நினைச்சிருக்கான்! இல்யாஸை ஒரு நாள் வந்து பாரு. அது பேட்டரியேதான். சார்ஜே இறங்காது."

பெர்னி முதலில் வெடித்தாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. கென்ட்கூட.

"கையெழுத்துப் போடு," என்றாள் ஒஃபீலியா, பேனாவை நீட்டி. "அப்புறம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போ. ஒவ்வொரு பிள்ளையா இன்னைக்கு நேர்ல பாத்தேன்னு நீதான் எழுதணும்."

மதியம் 2.20.

கூடத்தில் கேரி நாற்காலி மேல் ஏறி நின்று பெயர் படித்தான். ஒவ்வொரு பெயரையும் கொலை செய்தான். ஒவ்வொரு பிள்ளையும் கத்தித் திருத்தியது. அவன் மறுபடி சொன்னான், அது மறுபடி திருத்தியது. சரியாகச் சொன்னபோது கூடமே கைதட்டியது. சாகல் என்ற ஆறு வயதுப் பெண் ஐந்து முறை சொல்ல வைத்து, கடைசியில் அவன் பூட்ஸைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். த்ரிஷா பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். கென்ட் காகிதம் நகல் எடுத்தான். எத்தனை தாள் செலவு என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

அன்று ஏழு பேருந்தும் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பின. இருபத்தாறு வருடத்தில் முதல்முறை.

மாலை 3.51.

ஒஃபீலியா அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். சிறு வட்டம் திரையில் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. ஹோதான் அவள் தோளைப் பிடித்திருந்தாள். அந்த நிமிராத விரல்களில் இவ்வளவு பலம் இருக்கும் என்று ஒஃபீலியா எதிர்பார்க்கவில்லை.

'பெற்றுக்கொள்ளப்பட்டது. மாணவர் எண்ணிக்கை: 61.'

இருவரும் வாய்விட்டுக் கத்தினார்கள். பக்கத்து அறையில் யாரோ சுவரைத் தட்டினார்கள்.

ஹோதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அப்ப எனக்கு ஆகஸ்ட்ல வேலை இருக்கா அபாயோ?"

"ஆகஸ்ட் பதினாலு, காலைல ஏழே முக்கால்," என்றாள் ஒஃபீலியா, முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு. "தாமதமா வந்தே, தொலைச்சுடுவேன்."

"பதினோரு வருஷம் ஆலையில விடியக்காலம் அஞ்சு மணிக்கு நின்னவ நான்," என்றாள் ஹோதான். "நீங்க வந்து கதவைத் திறக்கிற வரைக்கும் வாசல்ல நான்தான் காத்துக் கெடக்கணும்."