ஆற்று மணலில் உப்பு வண்டிகள்

சித்திரை முழுநிலவு நொச்சியூர்க் கோட்டையின் கீழை மதிலுக்குப் பின்னாலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. மேற்கே மலைமுகடுகளில் கதிரவன் விட்டுப்போன செம்மை இன்னும் ஆறவில்லை. அந்த இரண்டு ஒளிகளுக்கும் நடுவே ஆன்பொருநை நதி கிடந்தது. நதி என்றதும் நுரையும் சுழலும் தோணியும் உங்கள் நினைவுக்கு வந்தால், அன்பு வாசகர்களே, சற்றே பொறுத்தருள வேண்டும். கோடை தொடங்கிவிட்டால் அந்த நதிக்கு நீர் என்பது ஊற்றுக்குழிகளில் மட்டுமே உண்டு. மற்றபடி கரைக்குக் கரை வெண்மணல்தான். பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தி வேளையில் மெல்ல மெல்ல மூச்சாக விட்டுக்கொண்டிருந்தது அந்த மணல். கரையோரத்துக் கொன்றைகள் இலைகளை உதிர்த்துவிட்டுப் பொற்சரங்களை மட்டும் அணிந்து, யாருடைய திருமணத்துக்கோ காத்திருப்பவை போல நின்றன.

நொச்சியூருக்கு மூன்று பக்கம் மதில். நான்காம் பக்கம் நதியே மதில். அந்த மதில் வற்றிப்போகும் கோடை மாதங்களில் முந்நூறு வில்லாளர் நதிவாயிலைக் காத்து நிற்பார்கள். புதுவெள்ளம் வரும் நாளை ஆற்றுக்கணி அறிவித்ததும், காவலை நதியிடம் ஒப்படைத்துவிட்டு, பசியால் மெலிந்த ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு கீழைப் புல்வெளிகளுக்குப் போய்விடுவார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் அது.

தந்தைக்குப் பிறகு மூன்று ஆண்டுகளாக ஆற்றுக்கணியாக இருந்தவள் நீலமங்கை. இன்று நதிவாயில் படியில் தனியாக அமர்ந்திருந்தாள். மடியில் ஒரு மூங்கிற்குழாய். ஏழு நாளில் வெள்ளம் வரும் என்று ஐந்து நாட்களுக்கு முன்பு அவள் அறிவித்திருந்தாள். அந்தச் சொல்லை நம்பி, ஊர் மாடுகளையெல்லாம் திரட்டி முடித்து, வில்லாளர்கள் இன்று காலையில்தான் புறப்பட்டுப் போயிருந்தார்கள். சித்திரையிலேயே வெள்ளமா என்று தயங்கிய கோட்டைத்தலைவர் வேள் பெருஞ்சேந்தரிடம் அவள் காட்டிய சான்று அந்த மூங்கிற்குழாய். அதைக் கொண்டுவந்தவன் உப்பு வாணிகன் சாத்தன்.

கீழைக் கடற்கரையில் உப்பு ஏற்றி, ஊர் ஊராக விற்றுக்கொண்டு மலையடிவாரம்வரை போய் வருபவன் என்று சாத்தன் தன்னைச் சொல்லிக்கொண்டான். மலையில் கோடைமழை கொட்டியதாகவும், அருவிகள் சிவந்து இறங்குவதைக் கண்ணால் கண்டதாகவும் கூறி, செந்நீர் நிரம்பிய அந்தக் குழாயை அவள் கையில் வைத்தான். உலகமெல்லாம் காதலியருக்கு முத்தும் பட்டும் கொண்டுவரும்போது, இவன் ஒருவன் அவளுக்குப் பிடித்தது மழைதான் என்று அறிந்து மழையையே கொண்டுவந்தான். இந்த ஆண்டு கொன்றை முந்திப் பூத்ததும் அவன் சொல்லுக்குத் துணை நின்றது. நீலமங்கை நம்பினாள். அவள் வயதில் யார்தான் நம்பியிருக்க மாட்டார்கள்?

வாயிலில் மிஞ்சியிருந்த ஒரே காவலன் எயினன். கால் ஊனமானதால் மாடுகளோடு நடக்க முடியாமல், வெள்ளம் வந்ததும் முழக்கும் வெள்ளப்பறைக்குக் காவலாக நிறுத்தப்பட்டவன்.

"அம்மணி, வெள்ளத்துக்கு இன்னும் இரண்டே நாள்தானுங்களே? படகு வலிக்கத் துடுப்பு வேண்டுமென்று என் பெண்டாட்டியைக் கேட்டேன். உலக்கையைக் காட்டுகிறாள்" என்றான்.

நீலமங்கை சிரித்தாள். ஆனால் அவள் கண்கள் மணலையே பார்த்துக்கொண்டிருந்தன. நட்டாற்றில் சாத்தனின் பாய்வேய்ந்த உப்பு வண்டிகள் முப்பது வரிசையாக அவிழ்த்து விடப்பட்டிருந்தன. வண்டிகளுக்கிடையிலிருந்து சாத்தன் நடந்து வந்தான். நெடிய உருவம், அந்தி ஒளியில் இன்னும் நெடியதாகத் தோன்றியது.

படியேறி வந்தவன் வழக்கத்துக்கு மாறாக அவசரம் காட்டினான். இப்போதே தன்னோடு புறப்பட வேண்டும் என்றான். நிலவு மதிலைத் தாண்டி மேலேறுவதற்குள் அக்கரை சேர்ந்துவிட வேண்டும் என்றும், காரணத்தைப் பிறகு சொல்வதாகவும் குழைந்தான்.

"முதலில் உங்கள் வண்டிகளைக் கரையேற்றுங்கள்" என்றாள் அவள் பொய்க்கோபத்தோடு. "உப்பு விற்கிறவர் நட்டாற்றில் கூடாரம் போடுவதை நான் எங்கும் கண்டதில்லை. வெள்ளம் ஒரு நாள் முந்தி வந்துவிட்டால் உப்பெல்லாம் கரைந்து ஆன்பொருநை கடலாகிவிடும். பிறகு ஊரார் குழம்புக்கு ஆற்று நீரையே முகந்துகொள்வார்கள். உங்களிடம் வாங்குவார் யார்?"

அவன் மனம்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் தன்னை மறந்தான்.

"கவலை வேண்டாம் கண்ணே. இடவப்பாதிக்கு முன்னால் மலையில் மழை ஏது?"

வாசகர்களே, ஒரு சொல்லில் ஒரு கோட்டை விழுவதும் உண்டு; ஒரு சொல்லில் அது நிமிர்வதும் உண்டு. வைகாசியை இடவம் என்று அழைப்பவர்கள் மலைக்கு மேற்கே வாழ்கிறவர்கள். அந்த மாதத்தின் பாதியில் மழை இறங்குமென்று நாள் குறித்து விதைப்பவர்களும் அவர்களே. கீழைக் கடற்கரையில் பிறந்தவனுக்கு மழை என்றால் ஐப்பசி.

நீலமங்கையின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. மடியிலிருந்த குழாயை எடுத்து மெல்லச் சாய்த்தாள். ஐந்து நாளில் தெளிந்து போயிருந்த நீர் ஓசையில்லாமல் ஒருபுறம் ஒதுங்கியது. அடியில் படிந்திருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தாள். மலைவெள்ளத்தின் வண்டல் வெண்ணெய்போல் வழுக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இது நறநறவென்று உறுத்தியது. செங்கல் பொடி.

"நீங்கள் யார்?" என்று கேட்டாள்.

அவன் அவள் விரலைப் பார்த்தான். இனி மறைத்துப் பயனில்லை என்று கண்டுகொண்டான். "சாத்தன் என்பது மட்டுமே பொய், நீலமங்கை. மேலைமலைப் படையின் தலைவன் கண்ணன் கோதை நான். ஆனால் உன்மேல் வைத்த அன்பு..."

"அந்தச் சொல்லையும் செங்கல்லை இடித்துத்தான் செய்தீர்களா?"

அவள் வண்டிகளை எண்ணினாள். பாய்களுக்கடியில் இருப்பது உப்பல்ல என்பதும், நிலவு மதிலேறுவதே படைக்குத் தாக்கும் அடையாளம் என்பதும், தன் வாயால் தானே வாயிலைத் திறந்துவிட்டதும் அவளுக்கு ஒரே கணத்தில் விளங்கின. மதிலின் உச்சி வெளுத்துவிட்டிருந்தது; நிலவு தலைகாட்ட இன்னும் ஒரு சாண்கூட இல்லை.

எழுந்தாள். எயினனின் கையிலிருந்து பறைக்கோலைப் பறித்தாள். வெள்ளத்தின் முதல் நீரைக் கண்ணால் கண்டாலொழியத் தொடக்கூடாத அந்தப் பெரும்பறையை ஓங்கி அறைந்தாள்.

பறை அதிர்ந்தது. கீழ்க்கரையில் அடுத்த ஊரின் பறை அதை வாங்கிக்கொண்டது. அதற்கடுத்த ஊர் அதனிடமிருந்து வாங்கிக்கொண்டது. மாட்டு நடைக்கு நடந்த வில்லாளர்கள் இதற்குள் ஒரு காதம்கூடப் போயிருக்க மாட்டார்கள். வெள்ளப்பறை கேட்டால் எங்கிருந்தாலும் மாடுகளைத் திருப்பிக்கொண்டு வந்து, முதல் நீரை அவற்றின் கொம்புகளில் தெளிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

ஆற்றிலோ வேறொரு வேடிக்கை நடந்தது. பாய்கள் பறந்தன. வண்டிகளிலிருந்து வாளும் வேலுமாக வீரர்கள் குதித்தார்கள். குதித்தவர்கள் கோட்டையை நோக்கி ஓடவில்லை. மலைநாட்டில் பிறந்தவர்களுக்கு வெள்ளப்பறையின் ஓசையும் வெள்ளத்தின் குணமும் தெரியும். வானம் தெளிந்திருக்கும்போதே யானை உயரத்துக்கு நீர் சுவராக வந்து நிற்கும். ஆயுதங்களைக் கைவிட்டு மேலைக்கரையை நோக்கி ஓடினார்கள். நில்லுங்கள், இது பொய்ப்பறை என்று கண்ணன் கோதை கதறினான். பறையின் முழக்கத்தில் அவன் குரல் படியைவிட்டே இறங்கவில்லை.

அவன் கை வாளுக்குப் போயிற்று. அவள் அறைவதை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. உருவிய வாளோடு ஒரு கணம் நின்றவன், பிறகு அதை உறையிலிட்டான்.

"ஆற்றுக்கணி பொய் சொல்லலாமா?" என்றான்.

"கற்றுக்கொடுத்தவர் கேட்கிறார்" என்றாள் அவள்.

கண்ணன் கோதை படிகளில் தாவி இறங்கி, தன் படைக்குப் பின்னால் மணலில் ஓடி மறைந்தான். நிலவு மதிலுக்கு மேலே வந்தபோது ஆற்றில் முப்பது வெறும் வண்டிகளும் எண்ணற்ற காலடித் தடங்களும் மட்டுமே இருந்தன.

மாடுகளின் மணியோசை கீழ்த்திசையில் கேட்கும்வரை நீலமங்கை பறையை நிறுத்தவில்லை. வேள் பெருஞ்சேந்தர் வந்தபோது அவள் உள்ளங்கைகள் கிழிந்திருந்தன. நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். தான் காதலித்ததையும் சொன்னாள். கோட்டையைத் திறந்துவிட்டதும் காத்துத் தந்ததும் ஒரே கை என்று கூறி வேள் அவளை மன்னித்தார்.

"தாங்கள் மன்னிக்கலாம், வழக்கம் மன்னிக்காது" என்று சொல்லி அவள் பறைக்கோலை எயினனிடம் நீட்டினாள். "பொய்ப்பறை அறைந்த கை மறுபடி பறையைத் தொடலாகாது."

அவன் அதை வாங்கத் தயங்கினான். "அம்மணி, எனக்கு மேகத்தைக் கண்டால் மேகம் என்று மட்டும்தானுங்க தெரியும்" என்றான்.

"அப்படியானால் கடைசியாக ஒன்று சொல், மகளே. வெள்ளம் எப்போது வரும்?" என்று வேள் கேட்டார்.

"வைகாசிப் பாதியில்."

"எப்படி அறிந்தாய்?"

"அவர் என்னிடம் பேசியவற்றில் உண்மை அது ஒன்றுதான். அதையும் எனக்காகச் சொல்லவில்லை."

பிறகு அவள் மேற்கே திரும்பி, மலைகளுக்குக் கேட்கட்டும் என்பதுபோல நிதானமாகச் சொன்னாள். "வெள்ளம் வரும், வந்தது வற்றும். இந்த மணல் மறுபடி தெரியும் நாளில் அவர் வருவார். அன்று நதிவாயிலில் நான் நிற்பேன். கையில் பறைக்கோல் இராது, வில் இருக்கும். இது ஆன்பொருநை மேல் ஆணை."

மூங்கிற்குழாய் படியிலேயே கிடந்தது. அதை எடுத்து, தெளிந்த நீரை ஆற்றில் ஊற்றினாள். கோடைமணல் அதை ஒரே வாயில் குடித்துவிட்டது. செங்கல் பொடி மட்டும் மேலே சிவந்து நின்றது.