கடைசி ஆள் கேட்டைச் சாத்தவும்

ஞாயிறு, மதியம் இரண்டு மணி.

‘மூன்று வாத்து’ பப்பில் சுட்ட மாட்டிறைச்சி இரண்டாவது சுற்று போய்க்கொண்டிருந்தபோது வில்ஃப் கிரிபிள் உள்ளே வந்தார். பூட்ஸைக் கழற்றாமலே வந்தார். அதைப் பார்த்ததுமே டாம்சினுக்குத் திக்கென்றது. பப்பை நடத்துகிற அவளுக்குத் தெரிந்து, சேற்றுப் பூட்ஸோடு அந்தக் கம்பளத்தில் யாரும் கால் வைத்ததில்லை. ஞாயிறு நடைக்குப் போய் வந்த பதினான்கு பேரும் பூட்ஸை முகப்பில் வரிசையாகக் கழற்றிவிட்டு, காலுறையோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மூணு ஆடு செத்துக் கெடக்கு," என்றார் வில்ஃப். "மூணும் சினை. அடுத்த வாரம் குட்டி போட வேண்டியது."

கரண்டிச் சத்தம் நின்றது.

"சர்ச் கல்லறைத் தோட்டத்துல. இப்பதான் கேட்டைத் தொறந்து உள்ள போய்ப் பார்த்துட்டு வரேன். யூ மரத்தடியில கட்டையா வெறைச்சுக் கெடக்கு. வாயெல்லாம் இலை."

யூ இலை ஆட்டுக்கு விஷம் என்று அந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. ஒரு கைப்பிடி போதும். அதனாலேயே கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி ஆளுயரச் சுவர் இருந்தது.

"வயல்ல இருந்த ஆடு அங்க எப்படிப் போச்சு? வயலோட கீழ்க் கேட்டைத் தொறந்து வச்சுக்கிட்டு அரட்டை அடிச்சிருக்கீங்க, அது பாட்டுக்கு நழுவிப் போயிருக்கு. யாருய்யா இன்னிக்குக் கடைசி ஆள்?"

நடைக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான். வரிசையில் கடைசியாக வருபவர் எல்லாரும் தாண்டியபின் கேட்டைச் சாத்த வேண்டும். அன்று அந்தப் பொறுப்பு டெஸ்மண்ட் ஃபேர்வெதருக்கு. லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு தனியாக இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முதல் தடவையாகக் கடைசி ஆளாக இருக்கச் சொன்னதில் காலையில் மனிதருக்கு அவ்வளவு பெருமை.

"நான்தாங்க," என்று எழுந்தார். "ஆனா சாத்திட்டேன். கொக்கி மாட்டி இழுத்தும் பார்த்தேன். ஒரு ஆடும் வெளிய வரல. எனக்குப் பின்னாடி ஏதாவது வருதா, யாராவது விட்டுப்போச்சான்னு வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டேதான் வந்தேன்."

"கிழிச்சே. பஸ்ஸுல ஆள் ஏத்தற மாதிரி கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு நின்னிருப்பே."

யாரோ சிரித்தார்கள். டெஸ்மண்ட் தலையைக் குனிந்துகொண்டார். டாம்சினின் கணவன் ரோலண்ட்தான் எழுந்து போய் அவர் தோளைத் தட்டினான். "விடுங்க டெஸ்மண்ட். யாருக்கும் நடக்கறதுதான்." தன் புருஷனை நினைத்து அந்த நிமிஷம் டாம்சினுக்குப் பெருமையாக இருந்தது.

"இனிமே என் வயல்ல ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு வில்ஃப் போய்விட்டார்.

அவர் சொன்னால் சொன்னதுதான். வயல் வழியாகப் போகும் பாதை ஊருக்குச் சொந்தமில்லை. வில்ஃப் சரி என்று சொல்லும்வரைதான் அது பாதை. பப் வாசலில் புறப்பட்டு, சுண்ணாம்புக் குன்றில் ஏறி, மறுபக்கம் வில்ஃபின் செம்மண் வயலில் இறங்கி, கீழ்க் கேட்டைத் தாண்டி, சர்ச்சை ஒட்டிய சந்து வழியாகப் பப்புக்கே திரும்புவதுதான் நடை. வயல் இல்லையென்றால் வட்டம் இல்லை. குன்றில் ஏறி வந்த வழியே இறங்க இருபது மைல் தள்ளியிருந்து யார் கார் ஓட்டிக்கொண்டு வருவார்கள்? அந்த ஞாயிற்றுக் கூட்டத்தில்தான் வாரம் முழுக்கப் பப் மூச்சுவிட்டது. கோடைக்குள் இழுத்து மூட வேண்டியதுதான் என்று டாம்சினுக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்து ரோலண்டின் பூட்ஸைச் சுரண்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் செய்கிற வேலை. ஈரம் காய்ந்து மண் பட்டை பட்டையாகச் சிவப்பும் வெள்ளையும் சிவப்புமாக உதிர்ந்தது. அவள் மனசு பப்பிலேயே கிடந்தது. இங்கேதான் பிறந்தாள், அப்பாவுக்குப் பிறகு இங்கேதான் நின்றாள். இதை விட்டுவிட்டு எங்கே போவது?

திங்கள், காலை பத்து மணி.

ஹெஸ்டர் பிட்காம் போலீஸில் சார்ஜென்டாக இருந்தவள். முட்டியில் அறுவைச் சிகிச்சை நடந்தபிறகு நடைக்கு வருவதில்லை; ஞாயிறு மதியம் ஜன்னலோரம் உட்கார்ந்து நடந்து வருகிறவர்களைக் கேலி செய்வதோடு சரி. விசாரித்துப் பார்க்கும்படி டாம்சின் கேட்டுக்கொண்டதும் தடியை ஊன்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். முதலில் பீப்பாய் அறை.

"ரோலண்ட், நேத்து நீ எல்லார்கூடவும் கிளம்பலயாமே?"

"பீப்பாய் மாத்த வேண்டியிருந்தது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவங்க பின்னாடியே குன்று ஏறி, உச்சியில வேலி தாண்டற மரப்படிகிட்டப் பிடிச்சேன்."

"மூச்சு வாங்கியிருக்குமே."

"உன் முட்டியை விட என் முட்டி பரவாயில்ல, சார்ஜென்ட்."

முகப்பில் அவன் பூட்ஸ் பளபளவென்று நின்றது. ஹெஸ்டர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தாள்.

அடுத்து வில்ஃப். தீவனத் தொட்டியருகே நின்றுகொண்டே பதில் சொன்னார்.

"கடைசியா உயிரோட எப்பப் பார்த்தீங்க?"

"காலைல தீவனம் போட்டப்ப. ஒம்பதரை இருக்கும்."

"பொணத்தைத் தொட்டீங்களா?"

"தொடாம? காலை மடக்கப் பார்த்தேன். மடங்கல."

"நேத்து சர்ச்சுல ஆராதனை இருந்ததா?"

"பாதிரியாருக்கு அஞ்சு ஊரு. நம்ம முறை அடுத்த வாரம். ஒரு ஈ காக்கா வரல."

கடைசியாக டெஸ்மண்ட். அவர் வீட்டில் அட்டைப்பெட்டிகள் பாதி கட்டப்பட்டிருந்தன. காலையில் கடைக்குப் போனாராம். முகம் கொடுத்துப் பேச ஆளில்லை.

"ரோலண்டை எங்க பார்த்தீங்க?"

"உச்சியில. நான் போய்ச் சேர்றப்ப மத்தவங்களோட மரப்படியில உக்காந்திருந்தாரு. எனக்கு ஒரு மிட்டாய் குடுத்தாரு. நல்ல மனுஷன். அவர் ஒருத்தர்தான் நேத்து எங்கிட்டப் பேசினாரு."

திரும்பி வந்ததும் ஹெஸ்டர் பப் வாசலில் நின்று டாம்சினின் கையைப் பிடித்தாள். "கண்ணு, இதை இத்தோட விட்டுடச் சொன்னா விட்டுடறேன்."

"விட்டா பப் போயிடும், ஹெஸ்டர்."

"விடாட்டியும் ஒண்ணு போகும்," என்றாள் ஹெஸ்டர். டாம்சின் மேற்கொண்டு கேட்கவில்லை. அன்று இரவு அவள் தூங்கவும் இல்லை.

செவ்வாய், காலை பதினோரு மணி.

பப் திறக்க இன்னும் நேரம் இருந்தது. வில்ஃப் வந்திருந்தார், இந்தத் தடவை காலுறையோடு. டெஸ்மண்ட் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவோரம் உட்கார்ந்திருந்தார். நடைக்காரர்களில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ரோலண்ட் மதுக் கவுண்டருக்குப் பின்னால் கோப்பை துடைத்துக்கொண்டிருந்தான்.

"வில்ஃப்," என்று ஆரம்பித்தாள் ஹெஸ்டர், "ஞாயித்துக்கிழமை இங்க நின்னு என்ன சொன்னீங்க? கல்லறைத் தோட்டத்துக்குள்ள எப்படிப் போனீங்க?"

"எப்படிப் போவாங்க? கேட்டைத் தொறந்து போனேன்."

"தொறந்துதான் போனீங்க?"

"ஆமா. கொக்கி மாட்டியிருந்தது."

"ஆடு தானா வழிதவறி உள்ள போச்சுன்னா, அது போன பிறகு கொக்கியை மாட்டினது யாரு? அன்னிக்கு சர்ச்சுக்கும் ஒருத்தரும் வரல."

இரண்டு நாளாக ஊரே பேசித் தீர்த்த விஷயத்தில் இதை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

"யாரோ ஓட்டிக்கிட்டுப் போய் விட்டிருக்காங்க," என்றாள் ஹெஸ்டர். "வாளியில தீவனத்தைக் காட்டினா மூணு ஆடு பின்னாடி வராதா? வந்துடும். யூ இலையில வாய் வச்ச பிறகு அதுங்க நகராது. கேட்டை அப்படியே தொறந்து போட்டுட்டுப் போயிருந்தா எனக்கும் சந்தேகம் வந்திருக்காது. ஆனா இந்த ஊர்ல பொறந்தவனுக்குக் கேட்டைத் தாண்டினா கை தானா பின்னாடி போயிடும். பாவம் பண்ணப் போன இடத்துலயும் சாத்திட்டுத்தான் வந்திருக்கான்."

"எப்ப?" என்று கேட்டார் ஒருவர்.

"நீங்க கீழ்க் கேட்டைத் தாண்டினது பன்னெண்டரைக்கு மேல. ரெண்டு மணிக்குள்ள ஆடு தோட்டத்துக்கு நடந்து, தின்னு, செத்து, கால் மடங்காத அளவுக்கு வெறைக்குமா? வெறைக்காது. காலைலயே செத்திருக்கு. நீங்க எல்லாரும் ஒண்ணா குன்று மேல இருந்தப்ப." ஒரு மிடறு தேநீர் குடித்தாள். "ஒருத்தரைத் தவிர."

ரோலண்ட் துடைத்த கோப்பையையே மறுபடியும் துடைத்தான். "நான்தான் பின்னாடியே ஏறி வந்தேன்னு சொன்னேனே."

"சொன்னே. ஆனா டெஸ்மண்ட் கடைசி ஆள். வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டு வந்த மனுஷன். பின்னாலேருந்து வந்தவன் அவரைத் தாண்டித்தானே முன்னாடி போக முடியும்? நீ தாண்டல. அவர் வந்து சேர்றப்ப நீ உச்சியில உக்காந்துக்கிட்டு மிட்டாய் குடுத்துக்கிட்டு இருக்கே. ஏன்னா நீ எதிர்ப்பக்கமா வந்தே. மத்தவங்க மூச்சு வாங்கிக்கிட்டு இருந்ததுல அதைக் கவனிக்கல. சந்து, கீழ்க் கேட்டு, வயலு, அப்புறம் உச்சி. வட்டத்தைத் தலைகீழா சுத்தியிருக்கே."

"அவன் ஃபோனை நோண்டிக்கிட்டு இருந்திருப்பான். லண்டன்காரன்தானே," என்றான் ரோலண்ட்.

"அந்தக் குன்றுப் பக்கம் எங்கய்யா சிக்னல் இருக்கு?" என்றார் டெஸ்மண்ட் மெதுவாக.

"சரி," என்றாள் ஹெஸ்டர். "அவர் ஒண்ணு சொல்றாரு, நீ ஒண்ணு சொல்றே. உன் பூட்ஸைக் கேக்கலாம்னு பார்த்தேன். எல்லார் பூட்ஸிலயும் அடியில சுண்ணாம்பு, மேல செம்மண்ணு. அது திங்கக்கிழமை காஞ்சு கெடந்ததை நானே போய்ப் பார்த்தேன். உன்னுது மட்டும் கழுவி வச்சிருந்தது. அதனால எங்கிட்டச் சாட்சி இல்ல."

அவள் டாம்சினைப் பார்க்கவில்லை. மேசையைத்தான் பார்த்தாள். அந்தக் கருணை டாம்சினுக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ரோலண்ட் சிரித்து மழுப்புவான், எல்லாரும் கலைவார்கள், இன்று ராத்திரி அவள் பக்கத்தில் வழக்கம்போல் படுப்பான். கதவோரம் உட்கார்ந்திருந்தவர் மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்.

"சிவப்பு, வெள்ளை, மறுபடி சிவப்பு," என்றாள் டாம்சின். குரல் யாருடையதோ போல் இருந்தது. "மூணு பட்டை. நான்தான் சுரண்டினேன்."

ரோலண்ட் கோப்பையை வைத்தான்.

"டாம்சின்."

"சுண்ணாம்புக்கு அடியில செம்மண்ணு எப்படி வந்தது, ரோலண்ட்?"

அவன் சுற்றிலும் பார்த்தான். மறுக்கப் போகிறான் என்றுதான் நினைத்தாள். மறுத்திருந்தால்கூடத் தேவலை.

"நீ விக்க மாட்டே," என்றான். "நல்லா ஓடற பப்பை வீடா மாத்தக் கவுன்சில் விடாது. ஓடலன்னா விடும். வீடுன்னா வாங்க ஆள் இருக்கு. எனக்கு வேற வழி தெரியல."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டேன். மூணு வருஷமாக் கேட்டேன். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை நமக்குன்னு வேணும்னேன். நீ மேசையைத் துடைச்சுக்கிட்டே பார்க்கலாம் பார்க்கலாம்னே."

அது உண்மை. ஆனாலும் அவன் சண்டை போட்டிருக்கலாம், கத்தியிருக்கலாம், விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவள் காலுக்குக் கீழே குழி வெட்டிவிட்டு, அவள் வைத்த சோற்றை இரண்டு தட்டு சாப்பிட்டிருக்கிறான்.

"அதுக்கு அந்த மனுஷனா கெடைச்சாரு உனக்கு?" என்றாள். "அவர் தலையில பழியைப் போட்டுட்டு, எல்லார் முன்னாடியும் போய்த் தோளைத் தட்டினியே. அந்த நேரத்துல உன்னை நினைச்சு எனக்கு எவ்வளவு பெருமையா இருந்தது தெரியுமா?"

ரோலண்ட் துடைத்த துணியை மடித்து வைத்தான்.

வில்ஃப் எழுந்து கதவோரம் போனார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க," என்று டெஸ்மண்டின் கோட்டுப் பொத்தானிடம் சொன்னார். "நீங்களும் வரணும்." பிறகு ரோலண்டின் பக்கம் திரும்பினார். "நீ மட்டும் என் வயலை மிதிச்சே, அப்புறம் நான் போலீஸுக்கெல்லாம் போக மாட்டேன்."

ரோலண்ட் மேல்கோட்டை மாட்டிக்கொண்டான். பக்கத்து ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றான். யாரும் கேட்கவில்லை. கதவருகே போய் நின்றான்.

"ஐவிகிட்ட யார் சொல்றது?"

ஐவி அவர்களுடைய ஒரே மகள். எக்ஸிடர் நகரில் படித்துக்கொண்டிருந்தாள்.

"நீயே சொல்லு," என்றாள் டாம்சின்.

அவன் கார் அருகே நின்று ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கார் கிளம்பிப் போனது. ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். ஹெஸ்டர் மட்டும் உட்கார்ந்திருந்தாள். பப்பின் ஃபோன் அடித்தது.

"அம்மா," என்றாள் ஐவி. அழுதிருந்தாள். "அப்பா என்னென்னமோ சொல்றாரும்மா. எனக்கு ஒண்ணுமே புரியல. அதெல்லாம் பொய்தானே?"

அந்த மனிதனுக்காக ஒரு பொய் சொல்ல டாம்சினுக்குக் கல்யாணமான இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக ஆசை வந்தது.

"இல்லடி," என்றாள். "அப்பா பூட்ஸ்ல இருந்த மண்ணை நானே பார்த்தேன்."