காலியான செருப்புப் பெட்டி

தம்பியின் செருப்பை நான் வேண்டுமென்றேதான் மிதித்தேன். தெரியாமல் கால் பட்டுவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அது பொய்.

காலை எட்டு மணி. படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறைக்கு மேலே இருந்தது மாமாவின் அறை. அங்கிருந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டில் தம்பி எனக்கு முன்னால் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று குதித்துக்கொண்டிருந்தான். அதனால்தான் அவனுக்குத் தவளை என்று பெயர். வயது ஆறு.

"சீக்கிரம் இறங்குடா. மாமா கிளம்பிடுவார்."

"தவளை இப்படித்தான் இறங்கும்."

"மனுஷன் மாதிரி இறங்கு!"

"க்ராக்!" என்றான்.

பின்னாலிருந்து அவன் செருப்பைப் பார்த்து ஒரு மிதி. வார் பட்டென்று அறுந்தது.

அவன் கீழ் உதடு பிதுங்கியது. "மாமாகிட்ட சொல்லப் போறேன்."

"சொல்லு. அப்புறம் உன்கூட ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்."

அறுந்த செருப்பையும் அதன் ஜோடியையும் படிக்கட்டுக்கு அடியில் இருந்த எண்ணெய் டிரம்முக்குப் பின்னால் தள்ளினேன். தம்பி வெறுங்காலோடு நடந்தான். குதிக்கவில்லை.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை பள்ளிக்கூடத்துக்குத்தான். அம்மா வேலை பார்க்கும் துணி கம்பெனிக்கும் அப்பா ஓட்டும் லாரிக்கும் விடுமுறை கிடையாது. அதனால் எங்கள் இரண்டு பேரையும் இந்தத் தீவுக்கு, மாமாவிடம் அனுப்பிவிட்டார்கள். தீவு அழகுதான். டிசம்பரிலும் வியர்த்துக் கொட்டும் வெயில், கண்ணாடி மாதிரி கடல். ஆனால் தினமும் ராத்திரி அம்மா போனில் கேட்பது ஒரே கேள்வி. "தம்பியைப் பத்திரமா பார்த்துக்கிறியா?"

நீ எப்படி இருக்கே என்று ஒருநாளாவது கேட்க வேண்டுமே! ஊகூம். எனக்குப் பதினொரு வயது. காவல்காரி வேலையில் சேர நான் எப்போது கையெழுத்துப் போட்டேன்?

மாமா படகு ஓட்டுகிறார். தீவிலிருந்து அரை மணி நேரம் போனால் கடலுக்கு நடுவில் ஒரு மணல்திட்டு இருக்கிறது. காலையில் தண்ணீர் இறங்கும்போது அது வெளியே தெரியும். இரண்டு மணி நேரம்தான். பிறகு தண்ணீர் ஏறி, திட்டு இருந்த இடமே தெரியாது. நடுவில் நட்டிருக்கும் இரும்புக் கம்பம் மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்காக விடுமுறைக்கு வந்தவர்கள் காசு கொடுத்து மாமாவின் படகில் ஏறுவார்கள்.

மாமாவுக்கு ஒரு பழக்கம். திட்டில் இறங்குவதற்கு முன்னால் எல்லாரும் செருப்பைக் கழற்றி ஒரு நீலப் பெட்டியில் போட வேண்டும். திரும்பி வந்து ஏறும்போது அவரவர் செருப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டி காலியானால் எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று அர்த்தம்.

"தலையை எண்ணலாமே மாமா?" என்று முதல்நாளே கேட்டேன்.

"தலை ஒரு இடத்துல நிக்காது, வக்கீலம்மா. செருப்பு நிக்கும்" என்றார். நான் நிறையக் கேள்வி கேட்பதால் மாமாவுக்கு நான் வக்கீலம்மா.

அன்றைக்கும் படகு திட்டை ஒட்டி நின்றது. எல்லாரும் செருப்பைப் போட்டார்கள். நானும் போட்டேன். தம்பி தன் வெறுங்காலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அக்கா, நான் எதைப் போடறது?"

மாமாவின் காதில் விழுந்துவிடுமோ என்று எனக்குப் பயம். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "செருப்பு இல்லாதவன் கணக்குலயே இல்லை. போ. என் கண்ணுல படாதே."

அவன் போய்விட்டான்.

நான் கிளிஞ்சல் பொறுக்கினேன். இரண்டு மணி நேரம் யாரும் என்னை "அக்கா அக்கா" என்று பிய்க்கவில்லை. சொர்க்கம் என்று நினைத்தேன்.

பக்கத்தில் இன்னொரு படகும் நின்றிருந்தது. மேலே கூரை போட்ட படகு. அதை ஓட்டுகிறவரை நாங்கள் ஹாரன் அண்ணன் என்போம். அவர் படகில் ஒரு பெரிய ஹாரன் உண்டு. முந்தின நாள் தம்பி அதில்தான் கரைக்குத் திரும்பினான். ஹாரன் அண்ணன் பாவம் பார்த்து அமுக்கச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். பாம்... பாம்... பாம்... என்று வழி முழுக்க அமுக்கிக்கொண்டே வந்தான். எங்கள் படகில் நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

தண்ணீர் ஏறத் தொடங்கியதும் மாமா விசில் ஊதினார். எல்லாரும் வந்து செருப்பை எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக நான் எடுத்தேன். கூரைப் படகு அதற்குள் கிளம்பிவிட்டது.

"தவளை எங்கே?" என்று மாமா கேட்டார்.

"அந்தப் படகுல ஏறியிருப்பான்." நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமா பெட்டியைக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். "பெட்டி காலி, திட்டு காலி! போலாமா?"

படகு கிளம்பியது.

ஐந்து நிமிடம் இருக்கும். கூரைப் படகு முன்னால் போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தம், தண்ணீர்ச் சத்தம், பேச்சுச் சத்தம். ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

பிறகு பிடிபட்டது.

ஹாரன் அடிக்கவில்லை.

இப்போது அமுக்குவான் என்று காத்திருந்தேன். அமுக்கவில்லை. ஒருவேளை தூங்கிவிட்டானா? தவளையாவது, தூங்குவதாவது! ஹாரனுக்குப் பக்கத்தில் அவனை உட்கார வைத்தால் கையைக் கட்டினால்கூட மூக்கால் அமுக்குவான்.

காலியான நீலப் பெட்டியைப் பார்த்தேன். பெட்டி காலிதான். ஆனால் அவன் அதில் எதுவுமே போடவில்லையே!

"மாமா!" என் குரல் எனக்கே கேட்கவில்லை. "மாமா, ஹாரன் அடிக்கலை!"

"அடிக்காட்டி நல்லதுதானே?"

"தம்பி அந்தப் படகுல இருந்தா அடிச்சிருப்பான் மாமா!"

மாமாவின் சிரிப்பு நின்றது. எஞ்சினை முறுக்கினார். படகு எகிறிப் பாய்ந்து கூரைப் படகை நெருங்கியது. மாமா கையைத் தாழ்த்தி, சின்னப் பையன் உயரம் காட்டினார். அங்கே இருக்கிறானா என்று சைகையால் கேட்டார்.

ஹாரன் அண்ணன் திரும்பித் தன் படகைப் பார்த்தார். இரண்டு கையையும் விரித்தார்.

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "பெட்டி காலியா இருந்துச்சே..." என்று முணுமுணுத்தார். "நானே தட்டிப் பார்த்தேனே..."

"அவன் செருப்பு போடலை மாமா. காலையில நான் மிதிச்சு அறுத்துட்டேன். வேணும்னேதான் மிதிச்சேன். செருப்பு இல்லாதவன் கணக்குல இல்லைன்னு சொன்னேன். கண்ணுல படாதேன்னும் சொன்னேன்." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

மாமா திட்டவில்லை. படகை வட்டமாகத் திருப்பினார்.

"என்னப்பா, எங்கே திருப்பறே?" தொப்பி போட்ட ஒருவர் எழுந்தார். "பன்னிரண்டு மணிக்கு எங்களுக்குக் கப்பல். விட்டா நாளைக்குத்தான். அந்த இன்னொரு படகைத் திரும்பிப் போகச் சொல்லேன்!"

"அதுல வேகம் கிடையாது சார்."

"காசு கொடுத்து வந்திருக்கோம். அதுக்கு ஒரு..."

"உங்க கப்பல் நாளைக்கும் வரும் சார்!" என்று நான் கத்தினேன். "மணல்திட்டு இன்னும் கால் மணி நேரத்துல இருக்காது. என் தம்பி அதுமேல நிக்கறான்!"

அவர் கடலைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

எல்லாரும் முன்னால் பார்த்தார்கள். வெயிலில் கடல் கண்ணைக் குத்தியது. திட்டு வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் நீலம். நான் கம்பத்தைத் தேடினேன்.

"அதோ!" தொப்பிக்காரர்தான் முதலில் பார்த்தார்.

கம்பம் தெரிந்தது. கம்பத்தில் ஏதோ சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. தம்பியின் சட்டை.

கை, கால் எல்லாவற்றையும் கம்பத்தில் சுற்றிக்கொண்டு, நிஜத் தவளை மாதிரியே ஒட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் அவன் இடுப்பைத் தொட்டது. ஒவ்வொரு அலைக்கும் நெஞ்சுவரை ஏறி இறங்கியது.

திட்டின் ஓரத்துப் பாறைகள் இப்போது தண்ணீருக்குள் மறைந்திருந்ததால் படகு கிட்டே போக முடியாது. மாமா நங்கூரத்தைப் போட்டார். இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தொப்பிக்காரரிடம் நீட்டினார்.

"பிடிச்சுப்பீங்களா சார்?"

"விட மாட்டேன். போ." அவர் கயிற்றைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

மாமா குதித்தார். தண்ணீர் அவர் இடுப்புக்கு மேல் இருந்தது. நீரோட்டம் அவரை ஒரு பக்கமாகத் தள்ளியது. தட்டுத் தடுமாறிக் கம்பத்துக்குப் போய்விட்டார்.

"வாடா கண்ணு. மாமா வந்துட்டேன். கையை விடு."

தம்பி விடவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தான். உடும்புப் பிடி. மாமா ஒரு கையைப் பிரித்தால் இன்னொரு கை ஒட்டிக்கொண்டது. ஒரு அலை வந்து இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. தம்பி இருமினான்.

"நான் கணக்குல இல்லை!" என்று அவன் அழுதது படகுவரைக்கும் கேட்டது. "படகு போயிடும்! நான் விட்டா படகு போயிடும்!"

கம்பம் ஒன்றுதான் தன்னை விட்டுவிட்டுப் போகவில்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வேறு எதையும் நம்பத் தயாராக இல்லை. என்னைத் துளிகூட இல்லை. நியாயம்தான்.

என்ன சொன்னால் நம்புவான்? நான் குனிந்தேன். என் செருப்பு இரண்டையும் கழற்றினேன். நீலப் பெட்டியில் போட்டேன். பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிச் சாய்த்துக் காட்டினேன்.

"தவளை! கண்ணைத் திற! பெட்டியைப் பாரு!"

ஒரு கண் மட்டும் திறந்தது.

"உள்ளே ஒரு ஜோடி இருக்கு! அது உன்னுது! நீ வந்து எடுக்கற வரைக்கும் படகு கிளம்பாது! மாமா ரூல் அதானே?"

இன்னொரு கண்ணும் திறந்தது.

"அது... உன் செருப்பு" என்றான் இருமிக்கொண்டே.

"உனக்குக் கொடுத்துட்டேன்!"

"நிஜமா?"

"நிஜமா! வந்து எடுத்துக்கோ!"

அவன் பெட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு கம்பத்தை விட்டுவிட்டு, ஒரே தாவலாக மாமாவின் கழுத்தில் தாவினான். மாமா தண்ணீருக்குள் முங்கி எழுந்தார். தொப்பிக்காரரும் இன்னும் நான்கு பேரும் கயிற்றை இழுத்தார்கள். கைகள் நீண்டன. தம்பி படகுக்குள் வந்து விழுந்தான்.

வந்தவன் என்னைக் கட்டிப்பிடிப்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்? நேராகப் பெட்டிக்குப் போனான். செருப்பை எடுத்துக் காலில் மாட்டினான். பின்னால் நான்கு விரல் அளவு மிச்சம் இருந்தது. அப்புறம்தான் என் மடியில் வந்து உட்கார்ந்து, ஈரத்தோடு என்னை நனைத்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன்.

"எங்கடா இருந்தே?" என்று மாமா கேட்டார்.

"பாறைக்குப் பின்னாடி. அக்கா கண்ணுல படாம இருந்தேன்."

மாமா பெட்டியை எடுத்தார். கவிழ்த்தார். தட்டவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொருவர் தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைக் காட்டினார்.

தொப்பிக்காரரின் கப்பல் போயே போய்விட்டது. கரையில் இறங்கும்போது அவர் தம்பியிடம், "உன்னால எனக்கு இன்னொரு நாள் லீவு" என்று மட்டும் சொன்னார்.

கல் பதித்த பாதையில் நான் வெறுங்காலோடு நடந்தேன். சுட்டது. முன்னால் தம்பி என் செருப்பில் சடக் சடக்கென்று நடந்தான்.

அன்று ராத்திரி அம்மா கேட்பதற்கு முன்னால் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிறகு அம்மா கேட்டாள்.

"நீ எப்படிம்மா இருக்கே?"

மறுநாள் மாமா தம்பிக்குப் பச்சை நிறத்தில் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தார். எனக்கு என் செருப்பு திரும்பக் கிடைத்தது. திட்டிலிருந்து திரும்பும்போது செருப்பையும் எண்ணி, தலையையும் எண்ணினார் மாமா. தம்பி கூரைப் படகில் ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் முன்னாலிருந்து சத்தம் வந்தது. பாம்... பாம்... பாம்... படகில் இருந்த எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

நான் மட்டும் பொத்திக்கொள்ளவில்லை.