இறக்கு... எல்லா நாயையும்!

"ஐயோ... மறைஞ்சுடுச்சு சார்!"

ஏட்டு போட்ட அலறலில் இன்ஸ்பெக்டரின் டீ சட்டையில் கொட்டியது.

"யாருய்யா மறைஞ்சது?"

"நாய் சார்! இப்பத்தான் திரையில பார்த்தேன். சேவ் பண்றதுக்குள்ள படத்தைத் தூக்கிட்டான்!"

ஊரில் வரிசையாக நாய்கள் காணாமல் போயிருந்தன. திருடியவன் இணையத்தில் படம் போட்டு விற்றுக்கொண்டிருந்தான். பெயர் இல்லை. முகவரி இல்லை. மாலையோடு கடை மூடப்படும் என்று அறிவிப்பு வேறு!

அதற்குள் படங்கள் கைக்கு வர வேண்டும். அவைதான் சாட்சி.

போதாக்குறைக்கு, காணாமல் போனவற்றில் இன்ஸ்பெக்டர் வீட்டு நாயும் ஒன்று.

"நாயோட வந்தா வாங்க. இல்லேன்னா ஸ்டேஷன்லயே குடியிருங்க!"

இது மனைவியின் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

துணைக்கு அவர் அழைத்திருந்த மச்சினி உள்ளே வந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் புரோகிராம் எழுதுபவள்.

"என்ன மாமா, ஒவ்வொண்ணா க்ளிக் பண்றீங்க? விடிஞ்ச மாதிரிதான்!"

"மானம் போகுதும்மா... ஏதாவது செய்!"

லேப்டாப்பைத் திறந்தாள்.

"டபிள்யூகெட்னு ஒண்ணு இருக்கு. ஒரே வரி. சைட்டையே வாரிச் சுருட்டிட்டு வந்துடும்."

"அதையே போடு!"

போட்டாள். வந்தது ஒரே ஒரு பக்கம்... லாகின் பக்கம்!

"கதவைப் பூட்டி வெச்சிருக்கான் மாமா. வாங்கறவங்க மாதிரி நீங்க திறந்த கணக்குல லாகின் பண்ணி, பக்கம் பக்கமாப் போய், படத்தைப் பொறுக்கணும். பைத்தான்ல ஒரு புரோகிராம் எழுதிடறேன்."

ஏட்டு நாற்காலியோடு பின்வாங்கினார்.

"நாயைப் பிடிக்கப் பாம்பாம்மா?"

சிரித்துக்கொண்டே எழுதி முடித்தாள்.

"ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இடைவெளி விட்டிருக்கேன். அவசரப்பட்டா சர்வர் திணறும். அவனும் உஷாராயிடுவான்."

படங்கள் இறங்கின. ஒன்று... இன்னொன்று... நத்தை தோற்றது!

அவள் தண்ணீர் குடிக்க எழுந்தாள். இன்ஸ்பெக்டருக்குக் கை அரித்தது. அந்த இடைவெளி வரியை அழித்து, மறுபடி ஓடவிட்டார்.

கொட்டின படங்கள்! கொட்டோ கொட்டென்று கொட்டின...

நின்றன.

சைட் செத்துவிட்டது!

"மாமா! என்ன பண்ணீங்க?"

இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்தார். வந்த படங்களில் அவர் வீட்டு நாய் இல்லை.

டெலிபோன் அலறியது.

"சார், போலீஸ் ஸ்டேஷனா? அநியாயம் சார்! எவனோ என் கடை சைட்டுக்குள்ள பூந்து படமெல்லாம் அள்றான். சைட்டே படுத்துடுச்சு!"

"என்ன கடை?"

"உசத்தி நாய்ங்க சார்..."

பின்னால் ஒரு படையே குரைத்தது.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த மாட்டான் என்பார்கள். இவன் ஸ்டேஷனுக்கே போன் போட்டுக் கத்துகிறான்!

இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது.

"அட்ரஸ் சொல்லுங்க."

சொன்னான்... கதவு எண் உட்பட!

ஏட்டு ஜீப் சாவியோடு வாசலுக்குப் பறந்தார்.

"திருடனைப் பிடிச்சுடுவீங்களா சார்?"

"பிடிச்ச மாதிரிதான் சார்! நாங்க வர்ற வரைக்கும் நீங்க மட்டும் வீட்டை விட்டு எங்கேயும் போயிடாதீங்க!"