பட்டன் டயர் முன்னாலா, பின்னாலா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலுச்சாமியின் டயர் பட்டறையில் நான்கு பேர் இருந்தார்கள்.

வேலுச்சாமி, பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் தங்கச்சாமி தன் காரின் கதவைத் திறந்து வைத்து, காலை வெளியே தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். டிரைவர் சவரிராஜ், தரையில் கிடந்த லாரி டயருக்குள் இறங்கிச் சாய்ந்திருந்தார். அவருடைய மகள் ஜெயசீலி, ஐந்தாம் வகுப்பு, அடுக்கி வைத்த பழைய டயர்களின் உச்சியில் இருந்தாள். அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய தலையும் தெரியும். அப்பாவின் தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"சவரி அண்ணே! டயருக்குள்ளயே குடித்தனம் வந்துட்டீகளா?" என்றார் தங்கச்சாமி.

"தூங்கலலே. கண்ணை மூடி யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"குறட்டை விட்டுல்ல யோசிக்கிறீக!"

ஜெயசீலிக்குச் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம்தான். சீசன் நேரம். வெடி வாங்க வருகிற வெளியூர் வியாபாரிகள் விருதுநகர் ஜங்ஷனில் வந்து இறங்குவார்கள். அவர்களைச் சிவகாசிக்குக் கூட்டி வருவதும், மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் கொண்டு விடுவதும் அப்பாவின் வேலை. அம்மா ஜெபராணி, டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சீசன் வந்தால் அங்கேயும் ஓயாத வேலை. அந்த வீட்டில் மூன்று பேரையும் தினமும் பார்ப்பது கதவுச் சாவி ஒன்றுதான்.

அதனால்தான் நாளைய போட்டியில் அப்பா ஜெயிக்க வேண்டும் என்று ஜெயசீலி நினைத்தாள்.

போட்டியை வைத்தது டாக்டரம்மா. எம். புதுப்பட்டிப் பக்கத்து வெடி ஆலைகளில் யாருக்காவது காயம் பட்டால் அழைத்து வர, ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு கார் நிற்க வேண்டும். வழியில் ஓர் ஓடை உண்டு. தண்ணீர் இருக்காது, மணல்தான். போன மாதம் ஒரு வாடகைக் கார் அந்த மணலில் சக்கரம் சுற்றி அரை மணி நேரம் நின்றுவிட்டது. உள்ளே கை வெந்துபோன ஒருவர் இருந்தார்.

"வாயால் சொல்வது வேண்டாம்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். "ஓடை மணலில் காரை நிறுத்துங்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, நேராகத் தார் ரோட்டு மைல் கல் வரைக்கும் வாருங்கள். இரண்டு பர்லாங். முதலில் வருகிறவருக்கு வேலை."

அப்பாவுக்கு அந்த வேலை கிடைத்தால் ஊர் ஊராக அலைய வேண்டாம். வீட்டில் படுக்கலாம்.

ஆனால் டயர் வேண்டுமே! டயரின் மேல் மேடும் பள்ளமுமாக இருக்கிற கட்டைகளுக்கு அங்கே பட்டன் என்று பெயர். பட்டன் தேய்ந்தால் அது மொட்டை டயர். போட்டிக்கு வருகிற தங்கச்சாமியின் காரில் நான்குமே பட்டன் டயர். அப்பாவின் காரில் இரண்டுதான் பட்டன். மற்ற இரண்டும் வேலுச்சாமியின் தலையைப் போலவே வழுவழு.

"புது டயர் ஒண்ணு கூட இல்லையாண்ணே?" என்று அப்பா கேட்டார்.

"சீசன் முடியிற வரைக்கும் லோடு வராதுய்யா. கேட்டுக் கேட்டு எனக்கே மொட்டையாப் போச்சு" என்று வேலுச்சாமி தலையைத் தடவினார்.

ஜெயசீலி மேலிருந்து அப்பாவின் காரைப் பார்த்தாள்.

"அப்பா, பட்டன் டயர் ரெண்டையும் எதுக்கு முன்னால போட்டிருக்கீக?"

"முன் டயர் வெடிச்சா வண்டி எங்கிட்டாவது இழுத்துக்கிட்டுப் போயிரும், தாயி. ஒருக்கா சாத்தூர் ரோட்டுல வெடிச்சு, பருத்திக் காட்டுக்குள்ள போயி நின்னேன். அதுல இருந்து நல்ல டயர் முன்னாலதான்."

"சரிப்பா. மணல்ல சும்மா சுத்துறது எந்தச் சக்கரம்?"

"பின் சக்கரம். எஞ்சின் அதைத்தான சுத்துது."

"அப்ப நாளைக்கு மண்ணைப் பிடிக்க வேண்டிய பட்டன் அங்கனதான இருக்கணும்?"

வேலுச்சாமியின் கையிலிருந்த ட்யூப் தொட்டிக்குள் விழுந்தது. இருபது வருஷமாகக் கார் ஓட்டுகிற அப்பா கண்ணை முழுசாகத் திறந்தார்.

"அட, பழக்கத்துல இதை யோசிக்கவே இல்லையே!"

ஜெயசீலி கீழே இறங்கினாள். பட்டறை வாசல் புழுதியில் இரண்டு கார்களின் தடமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. தலையிலிருந்து ரிப்பனை உருவி அளந்தாள். தங்கச்சாமியின் தடம் ஒடுக்கமாக, ஆழமாக இருந்தது. அப்பாவின் காரில் ஒரு டயருக்கு மெதுவாகக் காற்று இறங்கும் வியாதி. அதன் தடம் மட்டும் அகலமாக, பட்டும் படாமல் இருந்தது.

"மாமா, காத்து கொறைஞ்ச டயர் புழுதியில பதியவே இல்ல பாருங்க. மணல்லயும் இப்படித்தான இருக்கும்?" என்று வேலுச்சாமியைக் கேட்டாள்.

தங்கச்சாமி விழுந்து விழுந்து சிரித்தார். "காத்தை இறக்கிட்டுப் போட்டிக்கு வாரீகளா? நான் மத்தளம் மாதிரி காத்து அடிச்சு வச்சிருக்கேன். தட்டிப் பாரு, தாளமே போடலாம்!"

"அது தார் ரோட்டுக்குச் சரி. மணலுக்குப் பிள்ளை சொல்றதுதான் சரி" என்றார் வேலுச்சாமி. "மணலைத் தாண்டுனதும் திரும்ப பம்ப் அடிச்சுக்கிடணும். மறந்தா ட்யூப் கிழிஞ்சு போகும்."

மறுநாள் காலை எல்லோரும் ஓடைக்குப் போனார்கள். அங்கே வைத்து வேலுச்சாமி பட்டன் டயர்களைப் பின்னால் மாற்றினார். ஜெயசீலி வால்வை ஒரு குச்சியால் அழுத்தினாள். உஸ்ஸென்று காற்று போனது. வேலுச்சாமி "போதும்" என்றதும் குச்சியை எடுத்தாள்.

தங்கச்சாமி தன் காரிலிருந்து ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் டின் எல்லாவற்றையும் இறக்கி வைத்தார்.

"கனம் குறைஞ்சா வண்டி பறக்கும் பாருங்க!"

சைக்கிள் கேரியரில் ஆள் இல்லாவிட்டால் மணலில் பின் சக்கரம் வழுக்குவதை ஜெயசீலி எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அவள் நேராகப் போய் அப்பாவின் காரில் ஏறினாள்.

"முன்னால உக்காரு, தாயி. நல்லாத் தெரியும்."

"வேண்டாம்ப்பா. பின் சக்கரத்துக்கு மேலதான் ஆள் வேணும். வேலுச்சாமி மாமா, நீங்களும் வாங்க. நீங்கதான் இருக்கிறதுலயே கனம்."

"இதுக்காவது என் தொந்தி உதவுதே" என்று அவரும் ஏறிக்கொண்டார். கார் பின்பக்கம் நன்றாகவே தாழ்ந்தது.

தூரத்தில் மைல் கல்லுக்குப் பக்கத்தில் டாக்டரம்மா கறுப்புக் குடையை உயர்த்தினார். பிறகு சட்டென்று இறக்கினார்.

தங்கச்சாமியின் கார் உறுமியது. பின்னால் மணல் ஆளுயரத்துக்கு எழும்பியது. கார் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. சக்கரம் சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமானது.

அப்பா அவசரப்படவில்லை. தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி கிளட்ச்சை மெல்ல விட்டார். கார் ஒரு குலுங்கு குலுங்கி, மணலைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தது. ஓடையைத் தாண்டியது. கரையில் ஏறியது.

"தங்கச்சாமி வெளிய வந்துட்டான்யா!" என்று வேலுச்சாமி கத்தினார்.

ஜெயசீலி திரும்பிப் பார்த்தாள். எப்படியோ குழியிலிருந்து துள்ளி வந்த கார், தார் ரோட்டில் ஏறியதும் காற்றாய்ப் பறந்து வந்தது. பம்ப் அடிக்க நேரமில்லாமல், காற்று குறைந்த டயரோடு அப்பாவின் கார் தாரில் இழுத்து இழுத்துப் போனது. அவர்களுக்குப் பின்னால் ஹாரன் சத்தம் நெருங்கியது.

"இன்னும் கொஞ்சம்ப்பா!"

கல் வந்துவிட்டது. அப்பா முதலில். ஒரே ஒரு கார் நீளத்தில்.

டாக்டரம்மா ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தார். "நல்லது, சவரிராஜ். திங்கட்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் இருங்கள். பகலோ இரவோ, மணி அடித்தால் உடனே கிளம்ப வேண்டும்." சொல்லிவிட்டு, நோயாளிகள் காத்திருப்பதால் குதிரை வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

"சரிங்கம்மா" என்றார் அப்பா. அடுத்த நிமிஷம்,

பாஆஆஆம்!

ரோட்டோரம் மேய்ந்த ஆடுகள் நாலா பக்கமும் ஓடின. அப்பா ஸ்டியரிங் மேல் சாய்ந்து தூங்கிவிட்டார். அவருடைய நெற்றி ஹாரனில் இருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயசீலியும் சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு நின்றது. பகலோ இரவோ என்றால் அப்பா எப்போது தூங்குவார்? காயம் பட்ட ஒருவரை வைத்துக்கொண்டு வரும்போது இப்படிக் கண் சொருகினால்?

தங்கச்சாமி தன் காரின் நிழலில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் அவரிடம் போனாள்.

"மாமா, நேத்து ராத்திரி தூங்குனீகளா?"

"எங்க தூங்க? தென்காசிக்குப் போயிட்டு வந்து காரைக் கழுவவே விடிஞ்சு போச்சு. இந்த வேலை கிடைச்சா ஒரு வாரம் படுக்கணும்னு இருந்தேன். போகட்டும் பாப்பா, ஜெயிச்சது நீங்க."

அவள் விரலை மடக்கி யோசித்தாள். "ரெண்டு காரும் ஒரே மாதிரிதான மாமா? ஒரு டயர் இன்னொண்ணுக்குச் சேரும்ல?"

"சேரும். அதுக்கென்ன?"

"ஒரு வாரம் அப்பா ஆஸ்பத்திரிக்கு, ஒரு வாரம் நீங்க. அதுலயும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி மத்தவுக அதே காரை எடுத்துப் பாத்துக்கிடணும். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஆறு பட்டன் டயர் இருக்கு. மணலுக்குப் போற காருக்கு நாலு. தார் ரோட்டுல ஓடுற காருக்கு முன்னால ரெண்டு. யாருக்கும் முன்னால மொட்டை வராது."

தங்கச்சாமி கணக்கைக் காற்றிலேயே போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது.

"அப்ப வாராவாரம் டயர் மாத்துறது யாரு?" என்றார் வேலுச்சாமி சந்தேகத்தோடு. மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். அதற்குள் அப்பாவும் எழுந்து வந்திருந்தார். "சரிதான். எனக்குத்தான் இனிமே தூக்கம் கிடையாது" என்று வேலுச்சாமி பெருமூச்சு விட்டார்.

அப்பா மட்டும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். "ஜெயிச்சது நாமதான, தாயி?"

"தூங்குறதுக்குத்தானப்பா ஜெயிச்சீக?"

அப்பாவுக்குக் கொட்டாவிதான் வந்தது. அதைப் பார்த்துத் தங்கச்சாமிக்கும் வந்தது.

டாக்டரம்மாவிடம் வராண்டாவில் நின்று சொன்னால் காதில் ஏறாது. எழுதிக் கொடுத்தால் டீ குடிக்கும்போது படிப்பார். இது அம்மா சொன்ன யோசனை. மத்தியானம் வீட்டில் ஜெயசீலி நோட்டில் நடுத்தாளைப் பிரித்து எழுதினாள். மேலே தேதி. பிறகு அன்புள்ள டாக்டரம்மா அவர்களுக்கு. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, கார், டயர், ராத்திரி முறை எல்லாம். நான்காவதாக, "தூங்கி எழுந்த டிரைவர்தான் பத்திரமாக ஓட்டுவார்" என்று எழுதி, அதற்குக் கீழே மட்டும் கோடு போட்டாள்.

அப்பா கையெழுத்துப் போட்டார். பாதியில் கண் மூடியதால் 'சவரி' மட்டும்தான் நேராக வந்தது. தங்கச்சாமி தன் பெயரைப் பெரிதாகப் போட்டார்.

கடிதத்தை மடித்து உறையில் வைத்து, நான்கு சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினாள். அம்மா வேலைக்குக் கிளம்பி, உறையை வாங்கிக்கொண்டு தங்கச்சாமியின் காரில் பின் சீட்டில் உட்கார்ந்தாள்.

"ஹாரன் அடிக்காதீக மாமா" என்றாள் ஜெயசீலி வாசலில் நின்று. உள்ளே அப்பா பாயில் படுத்து, நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார். குறட்டை தெரு வரைக்கும் கேட்டது.

தங்கச்சாமி தலையாட்டினார். கிளட்ச்சை மெல்ல, மிக மெல்ல விட்டார். கடிதத்தோடு கார் கிளம்பியது. தெருப் புழுதியில் ஒரு பொடி கூட எழும்பவில்லை.